போர்டின் ஓரத்தில் நான் வைத்த பொட்டு

மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற சாலையில், சிற்பக் கொட்டகைகளுக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் பள்ளிக்கூடம். அங்கே பெருக்கித் துடைக்கிற வேலை எனக்கு. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். யாராவது உரக்கப் பேசினாலே கதவுக்குப் பின்னால் ஒதுங்கிவிடுவேன். பிள்ளைகளுக்கு நான் ஆயா.

போன வருஷம் ஐந்தாம் வகுப்பில் ஸ்மார்ட் போர்டு மாட்டினார்கள். பெரிய டிவி மாதிரி இருக்கும். விரலால் தொட்டால் எழுதும், தள்ளினால் பக்கம் மாறும். அது வந்ததிலிருந்து, "மிஸ், நானு மிஸ்" என்று எல்லாக் கையும் மேலே போகும். கல்லுக்குப் பாலிஷ் போடுகிறவருடைய மகள் ஒருத்தி, கேட்டால் வாயே திறக்காதவள், அவள்கூட எழுந்து போவாள். எது எங்கே வாழும் என்று டீச்சர் படங்கள் போட்டால், மீனை விரலால் தொட்டு இழுத்துக்கொண்டுபோய்க் கடலில் விட்டுவிட்டு வருவாள். எல்லாரும் கைதட்டுவார்கள். துடைப்பத்தோடு வாசலில் நின்று பார்ப்பேன். நம்மைப் போல ஒன்று, ஆனால் இது பிழைத்துக்கொள்ளும் என்று நினைப்பேன்.

கொட்டகையிலிருந்து கல் தூசி வந்து எல்லாவற்றின் மேலும் படியும். தினமும் காய்ந்த துணியால் போர்டைத் துடைப்பதும் அறைச் சாவியை வைத்திருப்பதும் என் பொறுப்பு.

காலாண்டு லீவுக்கு முந்தின நாள் பள்ளியில் ஆயுத பூஜை. வழக்கமாகப் பொட்டு வைப்பது சத்துணவு சமைக்கிற அம்மா. அன்று அவள் வரவில்லை. டீச்சர் ஊரப்பாக்கத்திலிருந்து ரயிலும் பஸ்ஸும் மாறி வருகிறவர், யார் வைக்கலாம், யார் வைக்கக்கூடாது என்றெல்லாம் பார்க்கிறவர் இல்லை. "நீங்களே வச்சிடுங்கம்மா" என்றார்.

நான் வைக்கக்கூடாது. என் வீட்டுக்காரர் இருந்தவரை அவருடைய உளிகளுக்கெல்லாம் நான்தான் பொட்டு வைத்தேன். அவர் போன பிறகு குங்குமத்தை என் கை தொட்டதில்லை. "எனுக்கு வேணாம்மா" என்றேன். அது டீச்சர் காதில் விழவில்லை. "கண்ணாடியில படாம ஓரத்துல வைங்க, போதும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மணி, பீரோ, கதவு, நாற்காலி எல்லாவற்றுக்கும் வைத்தேன். போர்டுக்குச் சட்டத்தின் உள்பக்கமாக, கீழே இடது மூலையில் ஒன்று. கைப்பழக்கம் விட்டுப்போனதில் சந்தனம் கெட்டியாக அப்பிக்கொண்டது.

லீவு முடிந்து திறந்த அன்று கடல் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது. மழையும் இல்லை, காற்றும் இல்லை. டீச்சர் போர்டைப் போட்டு, முதலில் அந்தப் பாலிஷ்காரர் மகளைத்தான் கூப்பிட்டு வட்டம் போடச் சொன்னார். அவள் நடுவில் விரலை வைத்தாள். கோடு விரலோடு போகவில்லை. விருட்டென்று கீழே இடது மூலைக்கு ஓடியது. மறுபடி வைத்தாள். மறுபடியும் அதே மூலை. உள்ளேயிருந்து யாரோ பிடித்து இழுப்பது போலவே இருந்தது.

"டேய், உள்ள எவனோ கீறான்டா!"

"இவ தொட்டாதான் அப்டி. பேய்க்கையிடா இவளுக்கு!"

டீச்சர் அவர்களை அதட்டினார். தானும் தொட்டுப் பார்த்தார். அப்போதும் ஓடியது. அவளிடம் திரும்பி, "அழுத்திக் குத்தினியா?" என்று கேட்டார். அவள் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

கோடு போய் நின்ற இடம் எனக்குத் தெரியும்.

மத்தியானம் சமைக்கிற அம்மா கேட்டாள். "கதவுல, மணில எல்லாம் பொட்டு கீதே, யாரு வச்சது? டீச்சரா?"

சட்டியைத் தேய்த்துக்கொண்டே "உம்" என்றேன்.

சாயங்காலம் துணியோடு போர்டுக்கு முன்னால் நின்றேன். துடைத்தால் ஆயிற்று. ஆனால் வைத்த பொட்டை அழிப்பதா? என் நெற்றியில் அழித்தபோது பட்ட விரல்களின் ஈரம் ஞாபகம் வந்தது. நான் வைத்ததே இப்படி இழுக்கிறது, அழித்தால் எதை இழுத்து வருமோ. அணைந்த போர்டில் என் உருவம் முகமில்லாமல் கறுப்பாக நின்றது. பூட்டிவிட்டு நடந்துவிட்டேன்.

மறுநாள் அந்தப் பெண்ணின் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை. அவள் தொட்ட தட்டை யாரும் எடுக்கவில்லை. "நாளைக்கு ரிப்பேர்காரர் வர்றார், அப்பாவைக் கூட்டிட்டு வா" என்றார் டீச்சர். பள்ளி விட்ட பிறகு அவள் குழாயடியில் உள்ளங்கையைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தாள். தோல் சிவந்திருந்தது.

"எங்கப்பா இனிமே இஸ்கோலே வேணான்னுடும் ஆயா" என்றாள். என்னிடம் அவள் பேசிய முதல் பேச்சு. நான் வாளியை எடுத்துக்கொண்டு போனேன்.

மூன்றாம் நாள் அவள் அப்பா முழங்கை வரை கல் தூசியோடு வந்து நின்றார். ரிப்பேர்காரர் இரண்டு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு, "எவனோ நல்லா அடிச்சிருக்கான்" என்றார். அவ்வளவுதான். அப்பா மகளின் கையைப் பிடித்தார்.

"வா வூட்டுக்கு. படிச்சிக் கிழிச்சது போதும்."

கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன். முதல் தடவை வாய் அசைந்ததே தவிர சத்தம் வரவில்லை. இரண்டாவது தடவை வந்தது. "அந்த மூலைல பொட்டு கீது. நாந்தான் வச்சேன்."

ரிப்பேர்காரர் குனிந்து நகத்தால் சுரண்டினார். சந்தனம் பொடியாக உதிர்ந்தது. போர்டைத் தொட்டார். கோடு விரலோடு போனது.

"அட, இதுக்கா! கண்ணாடி சும்மாம்மா. இதுக்குக் கண்ணே சட்டத்துலதான் கீது. எதுனா மறைச்சிகினு இருந்தா, அங்க ஒரு வெரலு கீதுன்னு நெனைச்சிக்கும்" என்று சிரித்தார். டீச்சரும் சிரித்தார். "முதல்லயே சொல்லக்கூடாதாம்மா?" வாசலில் நின்ற சமைக்கிற அம்மா மட்டும் சிரிக்கவில்லை. என் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா மகளின் கையை விட்டுவிட்டு வேலைக்குப் போனார். என் வேலையும் போகவில்லை. சாவி இன்னும் என் இடுப்பில்தான் இருக்கிறது.

அவள் தினமும் வருகிறாள். கூப்பிட்டால் போர்டுக்கும் போகிறாள். ஆனால் விரலால் தொடுவதில்லை. போர்டோடு வந்த குச்சிப் பேனாவின் கடைசி நுனியைப் பிடித்து, எட்ட நின்று மீனைத் தள்ளுகிறாள். அவள் பார்ப்பது மீனை இல்லை, கீழே இடது மூலையை. மீன் கடலுக்குப் போய்ச் சேரும்வரை அந்த வகுப்பில் ஒரு பிள்ளையும் மூச்சு விடுவதில்லை. நானும்தான்.