ரோஸ்டர் சாரின் சிவப்புப் பேனா

என் மேசை இழுப்பறையில் ஒரு சிவப்புப் பேனா கிடக்கிறது. திருடியது. நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு மழை மேகத்துக்குள் புகுந்து வெளியே வரத் தெரிந்த ஒருவன், அலுவலக மேசையிலிருந்து ஒரு பால்பாயிண்ட் பேனாவை எடுத்துச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு, பல்லாவரம் தாண்டும்வரை திரும்பிப் பார்க்காமல் ஸ்கூட்டர் ஓட்டினான் என்பதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. இதைவிடக் கேவலமான ஒன்றும் உண்டு. அந்தப் பேனாவுக்குரியவரைப் பழிவாங்குவதற்காகவே நான் வீடு மாறினேன். பட்டாபிராமில் இருந்த சொந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, கரையான்சாவடியில் ஒரு வாடகை வீட்டுக்கு.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. தனியாரும் விமானம் விடலாம் என்று கதவைத் திறந்துவிட்டிருந்த காலம். எங்கள் கம்பெனியிடம் இறக்கையில் விசிறி சுற்றும் பழைய விமானங்கள் மூன்று இருந்தன. இரண்டு பறக்கும், மூன்றாவது அவ்விரண்டுக்கும் உதிரி பாகம் கொடுத்துக்கொண்டு மீனம்பாக்கத்தில் நின்றிருக்கும். நான் துணை விமானி. தோள்பட்டையில் இரண்டு தங்கக் கோடுகள். அந்தக் கோடுகளோடு பூந்தமல்லி பஸ்ஸில் ஏறியபோது கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்தபடி, “இன்னா நைனா, எந்த ஊட்டுக் கல்யாணம்? மேளம் எங்க?” என்று கேட்டார். பேண்டு வாத்தியக்காரன் என்று நினைத்துவிட்டார். அன்றிலிருந்து கோடுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய், விமான நிலையக் கழிப்பறையில் மாட்டிக்கொள்வது வழக்கமாயிற்று.

எங்களில் யாருக்கு எந்த நாள் பறத்தல், யாருக்கு ஓய்வு, யாருக்கு ரிசர்வ் என்று முடிவு செய்தவர் ஒரே மனிதர். ரோஸ்டர் சார் என்போம். ஆவடியில் ராணுவக் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அம்பத்தூரிலிருந்து தயிர்சாதத்தோடு வருவார். பெரிய சார்ட் பேப்பரில் பென்சிலால் கட்டம் போட்டு எங்கள் தலையெழுத்தை எழுதுவார்; நூலில் கட்டித் தொங்கவிட்ட ரப்பரால் அதை அழிப்பார். ரிசர்வ் என்பது பறப்பதற்கும் சும்மா இருப்பதற்கும் நடுவில் உள்ள நரகம். வீட்டில் குளித்து, ஷூ போட்டு, எங்கும் போகாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். வர வேண்டிய விமானிக்குக் காய்ச்சல் என்றால் போன் வரும். வந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் மீனம்பாக்கத்தில் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டும்.

ஒரு நாள் அப்படி அழைப்பு வந்தபோது, எங்கள் தெருவுக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவில் இருந்த ரயில்வே கேட்டைப் போட்டுவிட்டார்கள். மிலிட்டரி கிடங்குக்குப் போகும் கூட்ஸ் வண்டி பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு யோசனையில் நின்றது. இருபத்தைந்து நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். அறையில் நான்கு கேப்டன்கள் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். ரோஸ்டர் சார் காரணம் கேட்டார். சொன்னேன். பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, எழுத எழுதச் சத்தமாகப் படித்தார். “ரயில்வே கேட் போட்டதால் விமானம் தாமதம்.” பிறகு மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, “பறக்கறவரை ரயில்வே கேட் நிறுத்திடுச்சுன்னு எழுதிட்டேன் சார். சரிதானே?” என்றார். ஒரு கேப்டனுக்குக் காப்பி மூக்கில் ஏறியது. அடுத்த ஒரு வருடம் என் பெயர் கேட் கீப்பர்.

எனக்குக் கோபம் வந்தால் கத்த வராது, திட்டம்தான் வரும். இனி இந்த மனிதர் வாழ்நாளில் என் பெயருக்கு எதிரே தாமதம் என்று எழுதக்கூடாது. அதுமட்டும் போதாது. ஒவ்வொரு முறையும் சீக்கிரம் போய் நின்று, அவர் கையாலேயே, அதே சிவப்பில், நான் வந்த நேரத்தை எழுத வைக்க வேண்டும். ஸ்கூட்டர் வாங்கினேன். ரயில்வே கேட்டே இல்லாத கரையான்சாவடிக்குக் குடிபோனேன். கீழ்வீட்டில் எஸ்.டி.டி. பூத், எனக்கு வரும் போனும் அங்கேதான். அங்கிருந்து மாங்காடு, குன்றத்தூர், பல்லாவரம் வழியாக நாற்பத்தைந்து நிமிடம். பட்டாபிராமில் பள்ளி ஆசிரியையாக இருந்த என் மனைவி, எட்டி நடந்தால் போய்விடக்கூடிய பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டியதாயிற்று. “பழி வாங்கறது நீங்க. பஸ்ஸுல தொங்கறது நானா?” என்றாள். கொஞ்ச நாளைக்குத்தான் என்றேன்.

அந்த நாட்களின் ருசியை இப்போதும் என் நாக்கு மறக்கவில்லை. பூத்காரர் மாடிப்படியில் நின்று, “அண்ணாத்தே, உன் வில்லன் லைன்ல கீறாரு!” என்று கூவுவார். அவர் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் ஸ்கூட்டர் உதைபட்டிருக்கும். போய் நின்று, வியர்வையைக்கூடத் துடைக்காமல், “சார், நேரம் எழுதிடுங்க. அந்தச் சிவப்புப் பேனாவுலயே” என்பேன். ரோஸ்டர் சார் ஒரு வார்த்தை பேசாமல் எழுதுவார். அவருடைய மௌனத்தை நான் தோல்வி என்று மொழிபெயர்த்துக்கொண்டேன். எத்தனைக்கெத்தனை சீக்கிரம் போனேனோ அத்தனைக்கத்தனை ரிசர்வ் போட்டார். பொங்கலன்று ரிசர்வ். என் மகளின் பிறந்த நாளில் ரிசர்வ். மனிதர் வலியில் துடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு கம்பெனி, விசிறி விமானங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஜெட் வாங்கப்போவதாக அறிவித்தது. தளமும் பெங்களூருக்கு மாறும். ஜெட் ஓட்டப் பயிற்சி பெறப்போகும் துணை விமானிகளின் பட்டியல் வரும். அதில் இல்லாதவர்களுக்கு, பழைய விமானங்கள் போகும் நாளோடு வேலை முடிந்தது. அதாவது என் மூன்றாவது கோடு, நான்காவது கோடு, மகளின் படிப்பு, எல்லாம் அந்த ஒரு தாளில். சிபாரிசு ரோஸ்டர் சாருடையது. பட்டியல் வந்தது. ரிசர்வ் நாளில் போனைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்கும் ஒரு மகானுபாவன் பெயர்கூட இருந்தது. என் பெயர் இல்லை. சிவப்புப் பேனாவுக்கு அவர் பதில் எழுதிவிட்டார் என்று தெரிந்துகொண்டேன். ஏன் என்று போய்க் கேட்கவில்லை. அவர் முன்னால் கேள்வியோடு நிற்பதைவிட வேலையில்லாமல் நிற்பது மேல் என்று தோன்றியது.

கடைசி நாள் மிச்சமிருந்தது. அன்றும் எனக்கு ரிசர்வ். அழைப்பு வந்தால் நான் வீட்டில் இல்லை என்று சொல்லும்படி பூத்காரரிடம் ஏற்பாடு செய்தேன். கடைசி விமானம் ஆளில்லாமல் நிற்கட்டும். அதை எந்த மையில் எழுதுகிறார் என்று பார்க்கலாம். போன் வந்தது. பூத்காரர் மேலே வந்தார். “இல்லன்னு அட்ச்சு சொல்ட்டேன் அண்ணாத்தே. அதுக்கு அவரு, ‘பரவால்ல, கெளம்பிருப்பாரு’ன்னு வெச்சுட்டாரு.”

அந்த நம்பிக்கையைப் போல என்னை யாரும் அவமானப்படுத்தியதில்லை. பத்து நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு ஸ்கூட்டரை உதைத்தேன். கோயம்புத்தூர் போய்த் திரும்பி, கடைசிக் கையெழுத்தைப் போட்டபோது அவர் சார்ட் பேப்பரைச் சுருட்ட எழுந்து போயிருந்தார். பேனா மேசையில் தனியாகக் கிடந்தது. அப்படித்தான் திருடன் ஆனேன்.

மூன்று வருடம் கழித்து அம்பத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் அவரைப் பார்த்தேன். அப்போது நான் அங்கே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்குத் தண்ணீர் பம்பு விற்றுக்கொண்டிருந்தேன். தரையோடு ஒட்டிய வேலை. வாசலில் பேண்டு வாத்தியக்காரர்களின் தோளில் மூன்று கோடு இருந்தது, என்னைவிட ஒன்று அதிகம். கண்ணாடி முன்னால் மூன்று வருடம் ஒத்திகை பார்த்த வசனம் தொண்டையில் தயாராக இருந்தது. அதற்குள் அவரே என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பினார். “இவரு மாதிரி ஒரு ஆளை நான் பார்த்ததில்லை. ரிசர்வ்னா உயிரு. கூப்பிட்டா ஓடி வருவாரு.” பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்தி, “லிஸ்ட்ல மொத பேரு உங்களுதுதான் சார். நான்தான் அழிச்சேன். மத்தவங்கள்லாம் டிரெயினிங் போயிட்டா பழைய வண்டிக்கு நான் யாரைக் கூப்பிடறது? அடுத்த பேட்ச்ல அனுப்பலாம்னு இருந்தேன். அதுக்குள்ள கம்பெனியையே மூடிட்டாங்க” என்றார்.

வசனம் எங்கோ இறங்கிப்போயிற்று. ஒன்றே ஒன்றுதான் கேட்க முடிந்தது. அன்றைக்கு, எல்லோர் முன்னாலும், ஏன் சிவப்பில் எழுதினீர்கள்?

ஐஸ்கிரீம் கரண்டியை வாயில் வைத்தபடி உண்மையாகவே யோசித்தார். “சிவப்பிலயா? நீலம் தீந்திருக்கும் சார்.”

வீட்டுக்கு வந்து, அதே கரையான்சாவடி வாடகை வீட்டுக்குத்தான், இழுப்பறையைத் திறந்து பேனாவை எடுத்தேன். காலண்டர் தாளின் பின்பக்கம் கிறுக்கிப் பார்த்தேன். வெறும் கோடு பள்ளமாக விழுந்தது, மை வரவில்லை. நடந்ததை எல்லாம் மனைவியிடம் சொன்னேன். பள்ளியிலிருந்து இரண்டு பஸ் மாறி அப்போதுதான் வந்திருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் முழுவதும் கேட்டாள்.

“சரி, அதுவும் தீந்துடுச்சு இல்ல? வாடகைக்கு இருக்கறவங்களக் காலி பண்ணச் சொல்லுங்க. நாம பட்டாபிராமுக்குப் போலாம்.”