துண்டுக்குள் ஒரு குண்டுப் பையன்

ஹைதராபாத் குகட்பள்ளியில் நாங்கள் இருந்த அடுக்ககத்தின் லிஃப்டில் கைப்பிள்ளையோடு ஏறினால் யாருடைய கையும் சும்மா இருக்காது. துண்டை விலக்கிக் கன்னத்தைக் கிள்ளியே ஆக வேண்டும். என் மகனைத் தூக்கிக்கொண்டு ஏறிய முதல் நாளே கீழ் வீட்டு ஆன்ட்டியின் கை நீண்டது. நான் மஞ்சள் துண்டை அவன் மூக்குவரை இழுத்துவிட்டு, "திஷ்டி, ஆன்ட்டி" என்றேன். நீண்ட கை அப்படியே பின்வாங்கியது. கண்ணேறு விஷயத்தில் எங்கள் விருதுநகருக்கும் இந்த ஊருக்கும் கருத்து வேறுபாடே கிடையாது. "நல்லது, யாருக்கும் காட்டாதே" என்று அவரே லிஃப்டில் நின்ற மற்றவர்களை முறைத்தார்.

எனக்குக் கண்ணேற்றில் நம்பிக்கை இல்லை. என் பிள்ளை மெலிந்திருந்தான். அதை யாரும் பார்த்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

ஆன்ட்டியின் மருமகளுக்கும் அதே சமயத்தில்தான் பெண் குழந்தை பிறந்திருந்தது. கரீம்நகர்ப் பக்கத்துப் பெண். மாமியார் பேசும்போது தரையைப் பார்ப்பாள், பேசாதபோதும் தரையைத்தான் பார்ப்பாள். எங்கள் பேச்செல்லாம் பாதி தெலுங்கு, கால் இந்தி, மீதி கை ஜாடை. இங்கே அதைத் தமிழில்தான் எழுதுகிறேன்.

என் அம்மாவுக்கு அப்போதுதான் முட்டி ஆபரேஷன் ஆகியிருந்ததால் பிள்ளைப்பேற்றுக்கு வர முடியவில்லை. ஆலோசனையெல்லாம் போனில்தான். "ரெண்டு பக்கமும் சமமாக் குடு, இல்லாட்டி ஒரு பக்கம் வத்திப் போகும்" என்று ஒருநாள் சொன்னார். நான் மென்பொருளில் பிழை கண்டுபிடிக்கும் வேலை பார்க்கிறவள். சமம் என்றால் சமமாக இருக்க வேண்டும் எனக்கு. போனில் டைமர் வைத்தேன். அது கூவியதும் வாயிலிருந்து விடுவித்து மறுபக்கம் மாற்றுவேன். அவன் கத்துவான். வாய்வு என்று நினைத்துக்கொண்டு முதுகைத் தட்டுவேன்.

அவனுக்கு வயிறு எப்போதும் உப்பி, தொட்டால் டமாரம் போலிருந்தது. பச்சையாக, நுரை நுரையாக, புளித்த வாடையோடு போய்க்கொண்டே இருந்தான். பிட்டம் சிவந்து புண்ணாகிவிட்டது. பால் குடித்து முடித்த கொஞ்ச நேரத்திலேயே மறுபடி பசியில் கை சூப்புவான். மார்பில் பால் இல்லாமலில்லை, சட்டையெல்லாம் நனைந்தது. ஆனாலும் அவன் கால்கள் மட்டும் வெண்டைக்காய் மாதிரியே இருந்தன. பச்சைக் கறை படிந்த துணிகளைப் பால்கனியில் போட்டால் ஆன்ட்டி கண்ணில் படும் என்று குளியலறைக்குள்ளேயே காயப்போட்டேன். அவை காயாமல் நாறின.

தினமும் சாயங்காலம் ஊரிலிருந்து என் மாமியார் வீடியோவில் வருவார். அதற்கு முன்னால் அவனுக்கு இரண்டு சட்டை, மேலே ஒரு ஸ்வெட்டர்.

"ஏம்மா, இந்த வெயில்ல எதுக்கு ஸ்வெட்டர்?"

"இங்க ஏசி அத்தை, குளிருது."

எங்கள் வீட்டில் ஏசியே கிடையாது. பக்கத்தில் நின்ற என் கணவர் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

தடுப்பூசி போட்ட டாக்டர், "எடை பின்தங்குது. பத்து நாள்ல திரும்பக் கொண்டுவந்து காட்டுங்க" என்று சொல்லியிருந்தார். நான் போகவில்லை. மறந்தேன் என்று சொல்ல ஆசைதான். மறக்கவில்லை. அந்தக் கிளினிக் எங்கள் தெருவிலேயே இருந்தது. எடை இயந்திரம் வாசலை ஒட்டி, எல்லோரும் பார்க்கும் இடத்தில் இருந்தது. துணியெல்லாம் உருவிவிட்டு என் பிள்ளையை அதில் கிடத்துவார்கள். நான் அவனுக்கு ஊட்டிய லட்சணம் அந்த எண்ணில் பளிச்சென்று எரியும். அதை நினைத்தாலே எனக்கு உடம்பு கூசியது.

இதற்கிடையில் துண்டுக்குள் வேறொரு பிள்ளை வளர்ந்துகொண்டிருந்தான். ஆன்ட்டி வளர்த்த பிள்ளை. "இவ்வளவு மூடி வைக்கிறாள் என்றால் எப்படி இருப்பான்! கொழுகொழு என்று இருப்பான்" என்று வாட்ச்மேன் முதல் பால் போடுகிறவர்வரை சொல்லி வைத்திருந்தார். லிஃப்டில், "எங்கள் குண்டுப் பையன் தூங்குகிறானா?" என்று துண்டைப் பார்த்துக் கொஞ்சுவார். நான் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை, சிரித்தேன். உண்மையைச் சொன்னால், அந்தக் குண்டுப் பையனை எனக்குப் பிடித்திருந்தது. வீட்டில் அழுதுகொண்டிருந்தவனைவிட அவனைச் சில நாட்கள் கூடுதலாகவே பிடித்திருந்தது. இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைக் குளிப்பாட்டும்போது என் கணவர் விலா எலும்பின்மேல் விரல் வைத்துப் பார்த்தார்.

"டாக்டர்ட்ட போவோம்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "போங்க. போய் உங்க அம்மாட்டயும் சொல்லுங்க, மருமக பால் வெறும் தண்ணினு."

"நான் எப்பம்மா அப்படிச் சொன்னேன்?" என்றார். குரல் உடைந்திருந்தது. "பிள்ளைக்கு எதும் ஆயிருமோன்னு பயமா இருக்கு. உனக்குப் பயமே இல்லையா?"

இருந்தது. வெட்கத்துக்குக் கீழே அமுங்கிக் கிடந்தது. நான் ஒரு நிபந்தனை போட்டேன்: தெருவில் இருக்கும் டாக்டர் வேண்டாம், தூரத்தில், நம்மை யாருக்கும் தெரியாத இடத்தில் பார்க்க வேண்டும். அவர் அலுவலகத்தில் விசாரித்து, செகந்திராபாத் மாரெட்பள்ளியில் ஒரு வயதான பெண் டாக்டரைக் கண்டுபிடித்தார். ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி. ஆட்டோவில் வழியெல்லாம் துண்டை விலக்காமலே உட்கார்ந்திருந்தேன்.

டாக்டரின் குடும்பம் தலைமுறைகளாக செகந்திராபாத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பம். எடை பார்த்தார், வயிற்றை அமுக்கினார், சிறுநீர் எத்தனை தடவை போகிறான் என்று கேட்டார். பிறகு என் கணவரை வெளியே அனுப்பிவிட்டு, "பால் குடு, பாக்கறேன்" என்றார்.

"இங்கயா?"

"ஹவ்" என்று அந்த ஊர்ப் பேச்சில் ஆமாம் போட்டார். "வேற எங்க?"

என் கணவர்கூட நான் பால் கொடுக்கும்போது அறைக்குள் வரக் கூடாது என்று வைத்திருந்தேன். வேறு வழியில்லாமல் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தேன். அவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து எனக்கு எதிரே போட்டார். பிள்ளை குடித்தான். பையிலிருந்த போன் கூவியது. பழக்கத்தில் விரலை விட்டு வாயை விடுவித்தேன். அவன் வீறிட்டான்.

"கைக்கு இழுத்தே?" ஏன் இழுத்தாய் என்று டாக்டர் அவர் ஊர்த் தமிழில் அதட்டினார். "அவன் போதும்னானா?"

"டைம் ஆயிருச்சு மேடம். ரெண்டு பக்கமும் சமமா…"

அவர் என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். "முதல்ல வர்றது தண்ணியாட்டம், இனிப்பு ஜாஸ்தி. கொழுப்பு அப்புறமாத்தான் நல்லா வரும். அது வர்ற நேரம் பாத்து நீ புடுங்கி அந்தப் பக்கம் போடறே. அங்கயும் தண்ணி. வயிறு ரொம்புது, எடை ஏறல. அந்த இனிப்பெல்லாம் உள்ள புளிச்சு நுரையாப் போகுது. உன் பால்ல ஒண்ணும் கொறை இல்ல. அவனாவே விட்டாத்தான் அடுத்த பக்கம். டைமர் நக்கோ, வேணவே வேணாம். வாராவாரம் வா, எடை ஏறலேன்னா வேற என்னன்னு டெஸ்ட் பண்ணலாம்."

அவனை மறுபடி அதே பக்கத்தில் போட்டேன். அவன் குடித்து, நிறுத்தி, யோசித்து, மறுபடி குடித்து, தானாகவே வாயைத் திறந்து விழுந்தான். விரல்கள் விரிந்திருந்தன. பிறந்ததிலிருந்து அவன் கை அப்படி விரிந்து நான் பார்த்ததில்லை. டாக்டர் முன்னாலேயே அழுதுவிட்டேன். யாராவது ஒரே ஒரு தடவை நான் பால் கொடுப்பதைப் பார்த்திருந்தால் போதும், அன்றைக்கே சொல்லியிருப்பார்கள். கதவைச் சாத்தி வைத்தது நான்தான்.

கொஞ்ச நாளில் பச்சை மஞ்சளானது. புண் ஆறியது. மாரெட்பள்ளித் தராசில் எடை ஒவ்வொரு வாரமும் நகர்ந்தது. இத்தோடு நான் துண்டை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் தேறட்டும், கன்னம் வரட்டும், ஆன்ட்டி சொல்லும் பையன் மாதிரி ஆகட்டும், பிறகு காட்டலாம் என்றிருந்தேன்.

ஒரு மத்தியானம் அழைப்புமணி அடித்தது. கீழ் வீட்டு மருமகள், தோளில் தன் பாப்பாவோடு நின்றாள்.

"அக்கா, ஒக்கசாரி சூப்பிஸ்தாரா?" என்றாள். ஒரே ஒரு தடவை காட்டுவீர்களா என்று. முதல் முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"என் கண் கெட்ட கண் இல்லை, அக்கா. அத்தை தினமும் சொல்கிறார்கள். 'மேல் வீட்டுப் பிள்ளையைப் பார், மூடி வைக்கிற அளவுக்கு இருக்கிறான். அவளும் பால்தான் கொடுக்கிறாள், நீயும் பால்தான் கொடுக்கிறாய்' என்று. ஒரு தடவை பார்த்துவிட்டால் எனக்கு மனசு ஆறும்."

உள்ளே தூங்கிக்கொண்டிருந்தவனைத் துண்டில்லாமல் எடுத்து வந்தேன். அவள் பார்த்தாள். குனிந்து அவன் மணிக்கட்டைத் தன் இரண்டு விரலால் வளைத்துப் பார்த்தாள். விரலுக்கும் கைக்கும் நடுவே இடம் இருந்தது.

"எங்கள் பாப்பாவும் முன்னால் இப்படித்தான் இருந்தாள்" என்றாள்.

அவன் விழித்து அழ, நான் அங்கேயே உட்கார்ந்து பால் கொடுத்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எனக்குப் பால் நின்றுவிட்டது, அக்கா. என் பால் சரியில்லை என்று அத்தை புட்டிப்பாலுக்கு மாற்றிவிட்டார்கள். பாப்பா நன்றாகத்தான் இருக்கிறாள். எனக்குத்தான்…"

பாப்பாவை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். என் வாய் ஊரறிந்த நீள வாய். மன்னிப்பு என்ற ஒரு சொல்லை அன்று அதற்குச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் மகனைத் துண்டில்லாமல் தூக்கிக்கொண்டு லிஃப்டில் ஏறினேன். அடுத்த தளத்தில் ஆன்ட்டியும், பின்னால் பாப்பாவோடு மருமகளும் ஏறினார்கள். ஆன்ட்டி என் கையிலிருந்தவனைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தார்.

"ஐயோ! இப்படி இளைத்துவிட்டானே! எந்தப் பாவி கண் பட்டது?" என்றவர் சட்டென்று திரும்பினார். "நேற்று நீதானே மேலே போனாய்? பார்த்தாயா இவனை?"

அந்தப் பெண் தரையைப் பார்த்தாள்.

"அவள் கண் இல்லை ஆன்ட்டி" என்றேன். "இவன் பிறந்ததிலிருந்து இப்படித்தான்."

ஆன்ட்டி என் தோளைத் தட்டினார். "நீ நல்ல மனசுக்காரி. அவளைக் காப்பாற்றப் பார்க்கிறாய். சாயங்காலம் உப்பும் மிளகாயும் கொண்டு வந்து சுற்றிப் போடுகிறேன்." மருமகளைப் பார்த்து, "நீ இனி மேலே போகாதே" என்றார்.

லிஃப்ட் கீழே வந்து கதவு திறந்தது. வாட்ச்மேனும் இரண்டு மூன்று பேரும் நின்றிருந்தார்கள். நான் கதவிடுக்கில் காலை வைத்து நின்று, மகனின் சட்டையை நெஞ்சுவரை தூக்கினேன். விலா எலும்புகள் தெரிந்தன.

"பாருங்கள் ஆன்ட்டி. நன்றாகப் பாருங்கள். போன மாதம் இதைவிட மோசம். துண்டுக்குள் குண்டுப் பையன் இருந்ததே இல்லை. பிள்ளை இளைத்திருந்தான், எனக்கு வெட்கமாக இருந்தது, திஷ்டி என்று பொய் சொன்னேன். இவள் பாலிலும் குறை இருந்ததில்லை, கண்ணிலும் தோஷம் இல்லை."

ஆன்ட்டி பிள்ளையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். அவர் முகம் சுருங்கியது. கதவு என் காலில் இடித்து இடித்துத் திரும்பிக்கொண்டிருந்தது.

மருமகள்தான் கை நீட்டி அவன் சட்டையை இறக்கிவிட்டாள். தொப்புள் மூடும்வரை மெதுவாக இழுத்துவிட்டாள். பிறகு தன் பாப்பாவைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"முன்னாலேயே காட்டியிருக்கலாம், அக்கா."