ஜீப்புக்காரர் வீட்டு மத்தியானங்கள்

தோட்டத்தில் ஏலக்காய் எடுத்துவிட்டுத் திரும்பும்போது அக்கா வந்த கூலி ஜீப்பு போடிமெட்டு மலை இறக்கத்தில் கவிழ்ந்தது. கூட வந்த பெண்கள் எல்லோருக்கும் அடி. செத்தது அக்கா மட்டும். செய்தி வந்தபோது நான் டவுனில் ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தேன். மடியில் கிடந்த காய்களைத் தட்டில் கொட்டிவிட்டு எழுந்தேன். ஒன்றுகூடச் சிந்தவில்லை.

அடக்கம் முடிந்தும் அழுகை வரவில்லை. போதகர் கர்த்தருடைய சித்தம் என்றார், தலையாட்டினேன். சோறு போட்டால் சாப்பிட்டேன். அம்மா அழும்போது பஸ்சுக்குக் காத்திருப்பவள் போலப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கடைக்குப் போகவில்லை.

எங்கள் காலனிச் சபையில் ஆராதனை முடிந்ததும் வாலிபர் கூட்டம் நடக்கும். டவுனில் எங்களிடம் பெயரைக் கேட்பதற்கு முன்னால் எந்தத் தெரு என்று கேட்பார்கள். அதனாலோ என்னவோ, கூட்டத்தில் பரலோகத்தைப் பற்றிப் பேச்சு குறைவு. யாருக்கு ரத்தம் கொடுக்க வேண்டும், காலேஜில் சேரும் பிள்ளைக்குத் துணையாக யார் போவது என்றுதான் பேசுவோம். அதை நடத்துகிறவள் பள்ளிக்கூடத்திலிருந்தே என் சேக்காளி. அக்கா போனதிலிருந்து எங்கள் வீட்டுத் துணியைத் துவைத்துப் போட்டவளும் அவள்தான்.

அடக்கத்துக்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை அவள் சொன்னாள்: "ஜீப்பு ஓட்டுன அண்ணனுக்கு ரெண்டு கையிலயும் மாவுக்கட்டு. பொண்டாட்டி வேலைக்குப் போயிருது. போலீசு கேசுன்னு சொந்தக்காரங்க யாரும் எட்டிப் பாக்கல. மத்தியானம் கஞ்சி ஊட்ட ஆளில்ல."

"அவரு தெருவுல நம்மள வாசலத் தாண்ட விடமாட்டாக. அவருக்கு நாம ஊட்டணுமாக்கும்?" என்றான் ஒருவன்.

"பசிச்சவனுக்குப் போடணும்னுதான படிச்சிருக்கோம். தெரு பாத்துப் போடணும்னு இல்லையே." பிறகு என் பக்கம் திரும்பி, "நீ வர வேணாம்" என்றாள்.

"நான் போறேன்" என்றேன். அவரை மன்னித்துவிட்டேன் என்று இல்லை. கோபமும் இல்லை. மத்தியானத்தில் எனக்கு ஒரு சோலி வேண்டியிருந்தது.

மறுநாள் தூக்குவாளியோடு போனேன். அவர் மனைவி அன்று வீட்டில் இருந்தார். வாசலிலேயே வாளியை வைக்கச் சொல்லி, கஞ்சியைத் தன் பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டார்.

"யாரு வீட்டுப் பிள்ள நீ?"

"செத்துப்போனவளோட தங்கச்சி, அக்கா."

அக்கா என்ற சொல்லை வேறொருத்தியைப் பார்த்துச் சொன்னபோதும் எனக்குள் ஒன்றும் ஆகவில்லை. அவர்தான் அப்படியே நின்றார். பிறகு ஒதுங்கி வழிவிட்டார்.

கட்டிலில் கிடந்தவர் என்னைப் பார்த்ததும் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எதுக்குத் தாயி வந்த?"

"கஞ்சி ஆறிரும். வாயத் தொறங்கண்ணே."

ஊட்ட ஊட்ட அழுதார். தாடையில் வழிந்த கஞ்சியைத் துண்டால் துடைத்தேன்.

"பனி மூடிருச்சு தாயி. ரோடே தெரியல."

"அக்கா எங்க உக்காந்திருந்துச்சு?"

"முன்னால, எம் பக்கத்துல. பையப் போங்கண்ணேன்னு சொல்லிக்கிட்டே வந்துச்சு."

அடுத்த கரண்டியை நீட்டினேன்.

கட்டுப் பிரிக்கும்வரை தினமும் போனேன். இடையில் எப்போதோ அவர் மனைவி வேலைக்குப் போகுமுன் கஞ்சி மாற்றத் தன் பாத்திரத்தை எடுத்து வைப்பதை நிறுத்தியிருந்தார்; என் வாளியிலிருந்தே ஊட்டினேன். அந்த அண்ணன் இப்போது ஜீப்பு ஓட்டுவதில்லை. ஒரு ஏலக்காய் மண்டியில் மூட்டை தைக்கிறார். வழியில் பார்த்தால் நின்று, அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்பார்.

நானும் கடைக்குத் திரும்பிவிட்டேன். ஞாயிறுதோறும் சபைக்குப் போகிறேன். பாட்டு வரும்போது எழுந்து நிற்கிறேன், பாடுவதில்லை. போன வாரம் சேக்காளி கேட்டாள்: "ஜெபம் பண்ண முடியுதா?"

"இல்ல."

"சரி. தேவாரம் ஊர்ல ஒரு அம்மா தோட்டத்து வேலிய ஆனை மிதிச்சிருச்சு. நாளைக்குக் கட்டப் போறோம், வர்றியா?"

"வர்றேன்" என்றேன்.