ஸ்பேனர் பெட்டியில் இருந்த மாத்திரை

கவிதா, பிரபு... உங்கள் அம்மாவுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தை நான் ஒளித்து வைத்தேன். கடையில் இல்லை என்று பொய் சொன்னேன். ஐந்து நாள்!

அம்மா ஏன் இடது பக்கம் உங்களை அணைத்துப் படுப்பதில்லை என்று சிறு வயதில் கேட்பீர்கள். மின்விசிறிக் காற்று பட்டாலே ஏன் விலாவைப் பொத்திக்கொள்கிறாள் என்று கேட்பீர்கள். "அக்கி வந்த வலி" என்பாள். அது பாதி உண்மை. மீதிப் பாதி நான்.

ஒன்பதாவது வரை படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இல்லை.

அப்போது எனக்குப் பம்மலில் லேத் பட்டறை வேலை. அம்மாவுக்குத் தாம்பரத்தில் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் தையல் வேலை. ஷேர் ஆட்டோவில் போய்வருவாள். அதை ஓட்டியவன் சேகர். என்னைவிட ஏழெட்டு வயது இளையவன்.

ஒருநாள் நானும் அதில் பின்னால் ஏறி உட்கார்ந்திருந்தேன். அவன் என்னைக் கவனிக்கவில்லை. வழியில் அம்மா ஏறினாள். அவளும் என்னைப் பார்க்கவில்லை.

"இன்னாக்கா, லேட்டு? உன் சீட்ல ஒரு பெருசு குந்திகினு எழுந்துக்கவே மாட்டேன்னுச்சு. உன் பேரைச் சொல்லித்தான் கிளப்பினேன்!"

"ஏன், நான் இன்னா கலெக்டரா?" என்றாள் அம்மா. சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு... என்னிடம் அவள் அப்படிச் சிரித்து எத்தனை வருடம்? அவன் அக்கா என்றுதான் கூப்பிட்டான். என் காதில் அது வேறு மாதிரி விழுந்தது! அன்றிலிருந்து அவள் பூ வைத்தால், யாருக்கு என்று நினைத்தேன். ஹாரன் சத்தம் கேட்டு அவள் அவசரமாகச் செருப்பை மாட்டினால் என் வயிறு எரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் அவளுக்கு இடது விலாவைச் சுற்றிப் பட்டையாகக் கொப்புளம் கிளம்பியது. ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு லேடி டாக்டரிடம் தானே போய்க் காட்டிவிட்டு வந்தாள்.

"அக்கியாம். உடனே மாத்திரை ஆரம்பிக்கணும்னாங்க. வாங்கினு வந்துடுங்க" என்று சீட்டைக் கொடுத்தாள்.

மாத்திரை வாங்கும்போது மருந்துக்கடைக்காரரிடம், "இது எதுக்கு சார்?" என்று கேட்டேன். "ஹெர்பிஸ்க்கு" என்றார், அடுத்தவரின் சீட்டைப் பார்த்தபடி.

ஹெர்பிஸ்! அந்தச் சொல்லை நான் படித்திருந்தேன். ஓர் ஆஸ்பத்திரிச் சுவரில், 'பால்வினை நோய்கள்' என்று தலைப்புப் போட்ட பலகையில்!

கொப்புளம் விலாவில் இருந்ததைப் பார்த்தேனா? பார்த்தேன். அந்த நோய் விலாவில் ஏன் வரவேண்டும் என்று யோசித்தேனா? இல்லை... என் சந்தேகத்துக்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது. கிடைத்துவிட்டது.

மாத்திரையைப் பட்டறையில் என் ஸ்பேனர் பெட்டியின் அடியில் வைத்தேன். "ஸ்டாக் இல்லையாம். தாம்பரம் பூரா கேட்டுட்டேன்" என்றேன். அவளே வாயைத் திறந்து அவன் பெயரைச் சொல்லட்டும், அப்புறம் கொடுக்கலாம்... இதுதான் என் எண்ணம். கேட்கத் தைரியம் இல்லை. கொடுக்க மனம் இல்லை.

"அக்கின்னுதானே சொன்னாங்க? அப்ப எழுதிக்கலாம், வா" என்று மறுநாள் அக்கிக்குக் காவி எழுதும் ஒரு குயவர் வீட்டுக்கு அழைத்துப் போனேன். பொய்யாக அக்கி என்கிறாள் என்றால் வர மறுப்பாள். அது நான் வைத்த சோதனை. அவள் மறுக்கவில்லை. அந்த வீட்டம்மாள் காவியைக் குழைத்து, கோழி இறகால் விலாவில் சிங்க உருவம் எழுதியபோது பல்லைக் கடித்தாள். என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். என் கையை!

ஐந்தாம் நாள் வலி தாங்காமல் மறுபடி டாக்டரிடம் போனோம். நானும் உள்ளே போனேன்.

"மாத்திரை போடலையாம்மா?"

"கிடைக்கல டாக்டர். பாவம், இவரு தாம்பரம் பூரா அலைஞ்சாரு."

"மூணு நாளைக்குள்ள ஆரம்பிச்சாத்தான் நல்லா கேக்கும். புதுசு புதுசா இன்னும் வந்துகிட்டே இருக்கு, இப்பவாவது ஆரம்பிங்க. நாலு மணி நேரத்துக்கு ஒண்ணு, நாளைக்கு அஞ்சு, ஏழு நாள். தண்ணி நிறையக் குடிக்கணும், இல்லேன்னா கிட்னிக்குக் கஷ்டம். காய்ஞ்சுடுச்சேன்னு நடுவுல நிறுத்தாதீங்க."

நான் குறுக்கிட்டேன். "இது... யார்கிட்டேருந்து ஒட்டியிருக்கும் டாக்டர்?"

"யார்கிட்டேருந்தும் இப்ப ஒட்டல. பேர்ல ஹெர்பிஸ்னு இருக்கும். நீங்க நினைக்கிறது வேற, இது வேற. எப்பவோ சின்னம்மை போட்ட கிருமி நரம்புல தூங்கிட்டு இருக்கும், பல வருஷம் கழிச்சு இப்படி எழும்பும். உங்களுக்கு அம்மை போட்டிருக்காம்மா?"

அம்மா சிரித்தாள். அந்த வலியிலும்! "கல்யாணமாகி மூணாம் மாசம் இவருக்குத்தான் டாக்டர் போட்டுச்சு. நான்தான் வேப்பிலையால தடவிக்கினு பக்கத்துலயே குந்தியிருந்தேன். இவருக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தின கையோட எனக்கு வந்துடுச்சு."

யார் கொடுத்தது, யார் கொடுத்தது என்று ஐந்து நாள் தேடினேனே... நான்தான்!

சரி, நான் நினைத்த நோயாகவே இருந்திருந்தால்? மருந்தை மறைக்க எனக்கு யார் உரிமை கொடுத்தது? அந்த வகைக்கும் இதே மாத்திரைதானாம், அளவுதான் வேறாம், பின்னால் தெரிந்துகொண்டேன். மாத்திரை யாரிடமும் காரணம் கேட்பதில்லை. நான் கேட்டேன்! உங்களுக்கு எப்போதாவது இப்படிக் கொப்புளம் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். காவியை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். யாரையும் கடத்த விடாதீர்கள்.

கொப்புளம் ஆறியது. வலி ஆறவில்லை. முன்பே ஆரம்பித்திருந்தால் இந்த வலி வந்திருக்காதா என்று பிறகு ஒருமுறை டாக்டரிடம் கேட்டேன். "குறைஞ்சிருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது" என்றார். அந்த 'இருக்கலாம்'... அதைத்தான் சுமக்கிறேன்.

சேகர் இன்றும் அதே வழியில்தான் ஓட்டுகிறான். ஹாரன் கேட்டால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. உண்மை தெரிந்த பிறகும்! வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எரிகிறது.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. உங்களிடம் சொன்னால் அவளிடம் சொன்னதாகுமா? ஆகாது.

அன்று டாக்டரிடமிருந்து திரும்பியதும், "கடையில வந்துட்டுதான்னு பாத்துட்டு வரேன்" என்று பட்டறைக்குப் போனேன். சாப்பாட்டு நேரம், யாரும் இல்லை. பெட்டியின் அடியிலிருந்து மாத்திரை உறையை எடுத்தேன். அதன் மேல் ரசீது, ஐந்து நாள் முந்தைய தேதியோடு, ஸ்டேப்ளர் பின் அடித்திருந்தது. பின்னை நகத்தால் நெம்பி ரசீதைப் பிரித்து, பெட்டிக்குள்ளேயே போட்டேன். உறையில் கிரீஸ் படிந்திருந்தது. அதைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, அப்போதுதான் வாங்கியவனைப் போல வீட்டுக்கு நடந்தேன்.