அத்தான் ஒப்பு போட மறுத்த கடிதம்

இன்று காலை பேங்கில், ஹோம் லோன் மேஜை முன்னால், எங்கள் அத்தான் கையெழுத்துப் போடாமல் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துவிட்டார்.

"இதுல நான் ஒப்பு போட மாட்டேன் மேடம்."

(காலையில் தின்ற ஆறு ஆப்பமும் அந்த நொடியே செரித்துவிட்டது.)

முதலில் இருந்து சொல்லிவிடுகிறேன்.

நாகர்கோவிலில் பழைய வீடு ஒன்று விலைக்கு வந்தது. இரண்டு அறை, ஒரு கிணறு. அம்மாவுக்குப் பார்த்த உடனே பிடித்துவிட்டது. எண்பது சதவீதம் பேங்க் தரும், மீதியை நாம் போட வேண்டும். என் சேமிப்பு, பி.எஃப். எல்லாவற்றையும் வழித்துப் போட்டும் நாலு லட்சம் துண்டு விழுந்தது.

போன வாரம் அத்தான் அக்கவுன்டிலிருந்து நாலு லட்சம் வந்துவிட்டது!

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். திங்கள்சந்தையில் பெயின்ட் கடை. அதிகம் பேச மாட்டார். பதறிப்போய் போன் செய்தால், "பைசா வந்துச்சா? செரி, வை" என்று கட் பண்ணிவிட்டார்.

பேங்க் மேடம் சும்மா விடுவாரா?

"திடீர்னு நாலு லட்சம் வந்திருக்கே, இது கடனா, அன்பளிப்பா?"

கடன் என்றால் லோன் தொகையைக் குறைத்துவிடுவார்களாம். அன்பளிப்பு என்றால் கொடுத்தவர் கடிதம் தர வேண்டும், அவருக்கு எப்படி வந்தது என்றும் காட்ட வேண்டும். நாளைக்குள் முடியாவிட்டால் வீட்டுக்காரர் வேறு ஆளுக்கு விற்றுவிடுவார். அட்வான்ஸும் போகும்!

அத்தானின் ஸ்டேட்மென்ட் சுத்தம். ஏழு வருடம் கட்டி எடுத்த சீட்டுப் பணம். அக்காவுக்கே தெரியாதாம்! (இந்தப் பதிவை அக்கா படிக்கும்போது அத்தான் கடையில் இருந்தால் நல்லது.)

கடிதத்தில் இருந்த வரி இதுதான்: 'இத்தொகையை அன்பளிப்பாகத் தருகிறேன். திருப்பிக் கேட்க மாட்டேன்.'

அங்கேதான் பேனா மூடியது.

"கடனாத்தான் தந்தியளா அத்தான்? செரி, நான் கொஞ்சங் கொஞ்சமா அடைச்சிருதேன்."

"கடனும் இல்ல, அன்பளிப்பும் இல்ல மக்கா."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "எங்க ஃபார்ம்ல ரெண்டுதான் சார் இருக்கு."

அத்தான் மேஜையைப் பார்த்தபடியே பேசினார்.

"எனக்க கல்யாணத்துக்கு வரதட்சணையா ரொக்கம் வாங்கினேன் மேடம். அதைத் தரதுக்கு இவனுக்க அப்பா குடியிருந்த வீட்ட வித்தாரு. அன்னைக்கு இவன் ஆறாங் கிளாஸ். அதுக்குப் பொறவு இவனுக்க அம்மை ஒம்பது வாடகை வீடு மாறியாச்சு. ஒவ்வொரு தடவையும் சாமான் ஏத்த டெம்போ கொண்டு வந்தது நான்தான். வாங்கினதைத் திருப்பிக் குடுக்கேன். இத அன்பளிப்புன்னு எழுதுனா, நான் என்னமோ தர்மம் செஞ்ச மாதிரில்லா இருக்கு!"



அந்தப் பழைய வீட்டைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் வாயே திறப்பதில்லை. அத்தானும் மறந்துவிட்டார் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். கொஞ்சம் கோபமும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மேடம் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சார், நீங்க சொன்னத அப்படியே எழுதினா லோன் வராது, போலீஸ்தான் வரும்!"

அத்தானுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"ஒப்பு போடுங்க அத்தான். பேப்பர்ல என்ன வேணும்னாலும் இருக்கட்டும். எனக்கு மனசிலாச்சு" என்றேன். குரல் உடைந்துவிட்டது. (பேங்க் ஏசியில் சளி பிடித்ததாகச் சமாளித்தேன்.)

"திருப்பிக் கேக்க மாட்டேன்னு எழுதணுமாம்! திருப்பிக் குடுக்கவன் எப்பிடிடே திருப்பிக் கேப்பான்?" என்று முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

லோன் ஓகே ஆகிவிட்டது நண்பர்களே!

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நேரே என் போனை வாங்கி அத்தானை அழைத்தார். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"மருமவனே, புது வீட்டுக்குப் பெயின்ட் ஒங்க கடையிலதான் எடுப்போம். ஆனா பைசா வாங்கணும், கேட்டேளா?"

அத்தான் சொன்னது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"பெயின்ட வேணும்னா அன்பளிப்புன்னு எழுதிக்கிடுங்க அத்தை. அதுக்கு இப்பமே ஒப்பு போட்டுத் தாறேன்!"