வல்லாரை தின்ற சிங்கம்

1. டிக்கிக்குள் இருந்தது

தொண்ணூறுகளின் நடுவில், ஸ்காபரோவில் குணம் அண்ணையின் பொடி ஷொப்பில் நான் பெயின்ரர். அடிபட்ட கார்களை நெளிவெடுத்துப் பெயின்ற் அடித்துக் கொடுப்பதுதான் தொழில். இன்று ஸ்பிறே கன் பிடிக்கும் தம்பிமாருக்காக இதை எழுதுகிறேன். கலரைக் கொம்பியூட்டர் சொல்லித் தரும், இதை அது சொல்லித் தராது.

மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை, பின்பக்கம் நசுங்கிய கார் ஒன்றை இழுத்துக்கொண்டு வந்து போட்டார்கள். கூட வந்த மிசிஸ் லீ காரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. டிக்கியைத் திறக்கச் சொன்னார். நெம்பித் திறந்தோம். உள்ளே சீனப் புதுவருசத்துக்கு ஆட்டுகிற சிங்கத்தின் தலை, சப்பளிந்து கிடந்தது.

அவருடைய அப்பா வடக்கே ஒரு தங்கச் சுரங்க நகரத்தில் கபே வைத்திருந்தவர். அந்தக் காலத்தில் அங்கே சீனரைச் சுரங்கத்துக்குள் எடுக்கவில்லையாம். உடுப்புத் தோய்த்தார்கள், சாப்பாட்டுக் கடை போட்டார்கள். வருசத்துக்கு ஒரு நாள் மட்டும் இந்தச் சிங்கத்தைத் தூக்கிக்கொண்டு பனிக்குள் பெரிய தெருவில் ஆடினார்கள். இப்போது அந்தக் குடும்பங்களெல்லாம் ரொறன்ரோவில். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஷொப்புக்கு எதிரே இருந்த பிளாசாவில் ஒன்றுகூடுவதாக ஏற்பாடு. அப்பாவுக்கு எண்பத்தெட்டு வயது, சிங்கம் ஆடுவதை இன்னொரு தரம் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. சொல்லிவிட்டு மிசிஸ் லீ அழுதார்.

என் வாய் சும்மா இருக்காது. ஞாயிறு காலைக்குள் திருத்தித் தருகிறேன் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொல்லிவிட்டேன்.

அவர் போனதும் குணம் அண்ணை பிடித்துக்கொண்டார். "உனக்கென்ன விசரே? கார் ஃபெண்டரும் சிங்கமும் ஒண்டோடா?"

"நெளிவு நெளிவுதானே அண்ணை."

"நெளிவு நிரப்புற பொண்டோப் பசையை அப்பிப்போடாதை. பாரத்தில ஆடுறவன்ர கழுத்து முறிஞ்சுபோம்."

2. ஹெட்லைற்

அது நல்ல புத்திமதி. பூக்கன்றுக்கு ஊன்றுகிற மூங்கில் குச்சிகளைப் பிளந்து, வெந்நீரில் வளைத்துச் சட்டம் கட்டினேன். மேலே கடதாசி ஒட்டி, ஹீற் லாம்பில் காயவைத்தேன். சிவப்பை மூன்று தரம் கலந்துதான் பழைய சிவப்புக்குப் பிடித்தேன். மேலே மினுக்கத்துக்குக் கிளியர் கோட் அடித்ததும் சிங்கம் புதுக் கார் மாதிரி மினுங்கியது. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

புதுக் கடதாசியில் கண் இரண்டும் வெள்ளையாக இருந்தன. ஹெட்லைற் இல்லாமல் கார் கொடுப்பதா? சனிக்கிழமை மெல்லிய பிரஷ் எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கருமணி இரண்டையும் வைத்தேன்.

ஞாயிறு காலை வந்து பார்த்த குணம் அண்ணை தலையில் கை வைத்தார்.

"கண்ணைத் திறந்துபோட்டியே! எங்கட கோயில் வாகனத்துக்கும் கண் கடைசியாத்தான், அதுக்கெண்டு ஆள் வந்துதான் திறக்கிறது. ஆரைக் கேட்டனி?"

"நான் வேதக்காரன் அண்ணை, சேர்ச்சுக்குப் போறவன், எனக்கு உது தெரியுமே? வெள்ளை அடிச்சு மறைச்சுவிடட்டே?"

"திறந்த கண்ணைக் குருடாக்கப் போறியோ? வாயைத் திறந்து உண்மையைச் சொல்லு."

3. சாப்பாடு

அப்பாவைக் கைபிடித்துக் கூட்டிவந்த மிசிஸ் லீ சிங்கத்தைக் கண்டு சிரித்தார். பிறகு கண்ணைக் கண்டார். சிரிப்பு நின்றது. அவருடைய கைப்பைக்குள் புதுப் பிரஷ் ஒன்று இருந்தது. திருத்திய சிங்கத்துக்கு அப்பா கையால் மறுபடி கண் திறப்பதற்காகக் கொண்டுவந்தது. நான்தான் வைத்தேன், தெரியாமல் செய்துவிட்டேன் என்று ஒருபடியாகச் சொல்லி முடித்தேன்.

கிழவர் குனிந்து கண்களை வெகுநேரம் பார்த்தார். மகளிடம் சீன மொழியில் ஏதோ கேட்டார். மகள் அதை இங்கிலீசில் சொன்னார்.

"சிங்கம் முதல் பார்த்தது ஆரை எண்டு கேக்கிறார்" என்று குணம் அண்ணை எனக்குத் தமிழ்ப்படுத்தினார்.

"என்னைத்தான்" என்றேன்.

கிழவர் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. அந்த நகரத்திலும் இந்தச் சிங்கத்தின் கண்ணை முதன்முதலில் திறந்தது சீனர் இல்லையாம். கபேயில் கடனுக்குச் சாப்பிட்ட பின்லாந்துச் சுரங்கத் தொழிலாளி ஒருவன், குடிவெறியில் பிரஷைப் பறித்து இரண்டு புள்ளி வைத்துவிட்டானாம். அதற்குத் தண்டனையாகச் சிங்கத்துக்கு அவனே சாப்பாடு போட்டான். சிங்கத்துக்குச் சாப்பாடு பச்சை இலை. வாசலில் கட்டித் தொங்கவிட வேண்டும்.

"இப்ப உன்ர முறை" என்றார் குணம் அண்ணை.

பக்கத்துத் தமிழ்க் கடைக்கு ஓடினேன். வழக்கமாகச் சிங்கத்துக்குக் கட்டுகிற லெட்டியூஸ் இல்லை, இருந்தது வல்லாரை. ஒரு கட்டு வாங்கி, ஷொப் கதவில் மாஸ்கிங் ரேப்பால் தொங்கவிட்டேன். பிளாசாவில் ஆடி முடித்த சிங்கம், மேளக்காரர் பின்தொடரத் தெருவைக் கடந்து வந்தது. எட்டி, பின்வாங்கி, மறுபடி எட்டி, வல்லாரையைக் கவ்வி என் தலையிலேயே துப்பியது. அதுதான் ஆசீர்வாதமாம். கிழவர் கதிரையிலிருந்து எழும்பி நின்று கை தட்டினார். நானும் குணம் அண்ணையும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம்.

தம்பிமாரே, ஒரு சாமானைப் புதுசாக்குவது எங்கள் வேலை. கடைசிப் புள்ளி ஆருடையது என்று கேட்டுவிட்டுப் பிரஷைத் தொடுங்கள். பிழைவிட்டால் மேலே பெயின்ற் அடிக்காமல் சொல்லிவிடுங்கள்.

அடுத்த வருசம் நாங்கள் கூப்பிடாமலே சிங்கம் ஷொப் வாசலுக்கு வந்து நின்றது. வல்லாரை ஞாபகசக்திக்கு நல்லதென்று ஊரில் சும்மாவா சொன்னார்கள்.