காந்தம் ஒட்டாத கிளிப்

எண்பதுகளின் நடுவில் எடப்பாடியில் எனக்கு லாரி உதிரிபாகக் கடை இருந்தது. ஓஸ் கிளிப் விஷயத்தில் என்னை விட்டால் ஆள் இல்லை என்று ஒரு திமிர். ரப்பர் ஓஸைக் குழாய் வாயோடு சேர்த்து இறுக்கும் பட்டைதானே, அதில் என்ன பெரிய வித்தை என்று யாராவது கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பட்டை ஒடுங்கலாக இருந்தால் ரப்பரை அறுக்கும். அளவு பெருத்ததை வாங்கி முறுக்கினால் ஒரு பக்கம் மடிந்து ஒழுகும். காரில் ஒழுகினால் ஓரங்கட்டலாம், படகில் ஒழுகினால் எங்கே ஓரங்கட்டுவது?

இப்படித்தான் வாய் கிழியப் பேசினேன், காவிரித் துறையில் டீசல் படகு ஓட்டும் பெரியவரிடம். ஆற்றுத் தண்ணீரைப் படகின் அடிவழியாக இழுத்து எஞ்சினைக் குளிரவைக்கும் ஓஸுக்கு அவருக்குக் கிளிப் வேண்டியிருந்தது. எவர்சில்வர்தான் போட வேண்டும், காந்தம் ஒட்டக்கூடாது என்று சொல்லி, மேசைமேல் கிடந்த காந்தத்தைப் பட்டையில் வைத்துக் காட்டினேன். ஒட்டவில்லை. கும்பிடாத குறையாக வாங்கிப் போனார். பட்டையை இறுக்கும் திருகாணியில் காந்தத்தை வைக்கவில்லை. அது முலாம் பூசிய வெறும் இரும்பு. லாரிக்குப் போதும், எந்நேரமும் நனைந்து கிடக்கும் இடத்துக்கு ஆகாது. தெரியாமல் இல்லை. சாப்பாட்டுக்குப் போகிற அவசரம், வேறென்ன.

அடுத்த வருடம் என் மனைவிக்கு ஏழாம் மாதம். கட்டுச்சோறு விருந்து முடிந்து, அக்கரையில் இருந்த அவள் தாய்வீட்டில் விட அழைத்துப் போனேன். அதே படகு. எங்களோடு ஏழெட்டுப் பேர். பகல் மூன்று மணி இருக்கும். புதுக் கதவணையில் கதவுகளை இறக்கியிருந்ததால் ஆறு ஏரி போல அசையாமல் கிடந்தது.

நடு ஆற்றில், எங்கள் காலடிப் பலகைக்குக் கீழிருந்து தட்டும் சத்தம் கேட்டது. இரண்டு தட்டு. கொஞ்சம் கழித்து மறுபடி இரண்டு.

வீட்டுக் கதவை விரல் முட்டியால் தட்டுகிற மாதிரி, அளவான தட்டு. எல்லோருக்கும் கேட்டது. காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டார்கள். அந்தத் துறையில் ஒரு வழக்கம் உண்டு. ஆள் ஏறிய பிறகு காலடிப் பலகையைத் திறக்க மாட்டார்கள். படகுக்குள் ஊறும் தண்ணீரை ஏறியவர்கள் பார்த்துவிட்டால் வெளித்தண்ணீர் உள்ளே வந்துவிடும் என்பார்கள். கரையில் கடைசி ஆளும் இறங்கிய பிறகுதான் திறந்து இறைப்பது.

எஞ்சின் கருகும் வாடை வந்தது. இரண்டு தரம் இருமி, நின்றுவிட்டது. அந்த அமைதியில் தட்டு இன்னும் தெளிவாகக் கேட்டது. படகு கனத்துத் தாழ்ந்திருப்பதை அப்போதுதான் பார்த்தேன். கிளிப் ஞாபகம் வந்தது. பட்டை அல்ல, திருகாணி.

பலகையைத் திறக்கச் சொன்னேன். பெரியவர் அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

“வேண்டாமுங்க சாமி. தட்டுனாத் தொறக்கக் கூடாதுங்க.”

நானும் அந்தப் பக்கத்து ஆள்தான், எனக்கு மட்டும் பயம் இருக்காதா? ஆனால் என் மனைவி வயிற்றின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். பெரியவரைத் தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டுப் பலகையைப் பெயர்த்தேன். முழங்கால் அளவுக்குத் தண்ணீர், கறுப்பாக. கையை விட்டுத் துழாவினேன். ஓஸ் கழன்று ஆடியது. அடிக்குழாயின் வாயில் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். மொத்த ஆறும் என் கையை முட்டுவது போல இருந்தது. கட்டுச்சோறு கொண்டுவந்த போசிப் பாத்திரங்களால் ஆட்கள் இறைத்தார்கள். பெரியவர் துடுப்பை எடுத்தார். தோள்வரை தண்ணீருக்குள் கிடந்த என் கைக்குப் பக்கத்திலேயே இன்னொரு முறை இரண்டு தட்டு. கண்ணை மூடிக்கொண்டேன், கையை எடுக்கவில்லை.

கரையில் அவளை இறக்கி உட்காரவைத்த பிறகு, தண்ணீரை வற்ற இறைத்து, தட்டியது எது என்று தேடினேன். மிதந்து முட்டக்கூடிய ஒரு கட்டை, ஒரு டப்பா, ஒரு தேங்காய்கூட இல்லை. கிளிப் மட்டும் கிடந்தது. பட்டை பளபளவென்று இருந்தது, திருகாணி துருவேறி முறிந்திருந்தது. யாரும் பார்க்கும் முன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பிறகு பெரியவரிடம் என்னதான் தட்டியது என்று கேட்டேன்.

“அது ரொம்ப நாளாத் தட்டிக்கிட்டுத்தானுங்க இருக்குது. நாங்க தொறந்து பாத்ததில்லீங்க.”

மறுவாரம் கடைக்கு வந்தார். எல்லோர் உயிரையும் காப்பாற்றினேனாம், ஊரே பேசுகிறதாம். அதே கிளிப்பைக் கேட்டார். திருகாணியிலும் காந்தத்தை வைத்துப் பார்த்து, முழு எவர்சில்வரில் நான்கு எடுத்து, ஓஸின் முனைக்கு இரண்டாகப் போடச் சொன்னேன். பழைய திருகாணி வெறும் இரும்பு என்பதை மட்டும் சொல்லவில்லை. வெட்கங்கெட்டவன் நான்.

பெண் குழந்தை பிறந்தது. பேசத் தெரிந்த நாளிலிருந்து அவளுக்கு அந்தப் படகுக் கதைதான் வேண்டும். “உங்கப்பன் இல்லீன்னா நாம ரெண்டு பேரும் ஆத்தோட போயிருப்போம் சாமி” என்று என் மனைவி ஆரம்பிப்பாள். பாதியில் விரலை மடக்கிப் பலகையில் இரண்டு முறை தட்டிக் காட்டுவாள். யார் தட்டியது என்று மகள் என்னைத்தான் கேட்பாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவேன். முறிந்த கிளிப் அங்கே மேசை இழுப்பறையில் இருந்தது. அதைப் பற்றி மகளிடம் நான் சொல்லவே இல்லை.